நூற்றில் இரண்டு பங்கு

திங்கட்கிழமை மதியம் மூன்று மணிக்கு எண் வந்தது. இருபத்தொன்பதாயிரம். தம்பி அதைத் திரையில் பார்த்தான். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். கண்ணாடியைத் துடைத்தால் மாறுகிற எண்ணா அது? இருபத்தொன்பதாயிரமாகவே உட்கார்ந்திருந்தது.

தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம். வயது ஐம்பத்திரண்டு. முன்தலையில் முடி விடைபெற்றுப் பத்து வருடமாகிறது. பழைய எலும்புகளின் வயதைக் கணக்கிடும் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு அவன்தான் தலைவன். ஆனால் தோண்டிப் பார்க்கிறவர்களின் உலகத்தில் அவனுடைய அக்காவைத் தெரியாதவர்களே கிடையாது என்பதால், அவன் எல்லோருக்கும் 'அக்காவோட தம்பி'யாக இருந்தான். நாளடைவில் அக்கா உதிர்ந்துபோய் தம்பி மட்டும் மிஞ்சியது.

வந்த எண் அக்காவின் மண்டை ஓட்டுக்கானது. அவள் தோள்மேல் இருக்கிறதே, அதற்கல்ல. அதன் வயதைக் கேட்கும் துணிச்சல் யாருக்கும் இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு கடலோரச் சுண்ணாம்புக் குகை ஒன்றில், பத்தடி ஆழத்தில், அவள் மண்டியிட்டு மூன்று வாரம் தூரிகையால் கூட்டிக் கூட்டி வெளியே எடுத்த மண்டை ஓடு.

அக்கா முப்பது வருடமாக ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆதி மனிதர்கள் இந்த நிலத்துக்கு நாற்பதாயிரம் வருடத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள், கடற்கரை ஓரமாகச் சிப்பி பொறுக்கித் தின்றுகொண்டே நடந்து வந்தார்கள் என்று. மற்றவர்கள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மலைக் கணவாய் வழியாக, முப்பதாயிரம் வருடத்துக்கு முன்புதான் வந்தார்கள் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சியின் தலைவர் அருங்காட்சியகத்தின் காப்பாளர். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் முப்பதாயிரம், முப்பதாயிரம் என்றே பேசியதால் அவருக்கு முப்பதாயிரம் என்றே பெயர் விழுந்துவிட்டது. வைத்தது அக்காதான்.

இதில் வெறும் வீம்பு மட்டும் இருந்தால் விட்டுத் தள்ளலாம். அந்தக் குகையைச் சுற்றிலும் கல் குவாரி. குகையைக் குவாரிக்கே கொடுத்துவிடலாமா, தோண்டுவதைத் தொடரலாமா என்று முடிவு செய்ய ஒரு கமிட்டி, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கூடுகிறது. மண்டை ஓடு நாற்பதாயிரத்தைத் தாண்டினால் குகை பிழைக்கும். இல்லையென்றால் வெடி வைத்துவிடுவார்கள். அக்காவின் கணக்குப்படி அந்தக் குகையில் இன்னும் முக்கால்வாசி தோண்டப்படாமல் கிடந்தது.

தம்பி போனை எடுத்தான்.

"அக்கா, எண்ணு வந்துருச்சு."

"சொல்லு."

"இருபத்தொம்போதாயிரம்."

அவள் சண்டை போடுவாள், மெஷினைத் திட்டுவாள், தன்னையும் சேர்த்துத் திட்டுவாள் என்று அவன் காதைத் தயார் பண்ணி வைத்திருந்தான்.

"சுத்தமா செஞ்சியா?"

"செஞ்சேன்."

"அப்ப சரி. எண்ணு எண்ணுதான். கமிட்டிக்கு அனுப்பிடு."

"அக்கா, கொஞ்சம் பொறு. ரெண்டு துண்டு போட்டிருக்கேன். இன்னொண்ணு புதன்கிழமை வரும்."

"அது மட்டும் வேற என்ன சொல்லிடப் போகுது?" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று முழுக்க அவனுக்கு வேலையில் கை ஓடவில்லை.

புதன்கிழமை இரண்டாவது துண்டின் எண் வந்தது. முப்பத்தோராயிரத்து ஐநூறு. தம்பி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பென்சிலைக் கடித்தான். ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு அடுத்தபடியாக இருந்த அம்மாளை எல்லோரும் தராசு என்பார்கள். மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் அவளுக்குத் தூக்கம் வராது. எலும்பை மட்டுமல்ல, ஆளையும் அப்படித்தான் எடை போடுவாள்.

"சார், திரும்பவும் செய்யணும்னு யோசிக்கிறீங்க."

"ஆமா."

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இது வேற யாரோட எலும்பாவோ இருந்தா, திரும்பச் செய்யணும்னு தோணியிருக்குமா?"

சுருக்கென்றது. ஏனென்றால் இரண்டு நாளாக அவன் தன்னையே கேட்டுக்கொண்டிருந்ததும் அதைத்தான். பிடித்த எண் வரும்வரை அளந்துகொண்டே இருப்பதும், பிடித்த எண் வந்ததும் மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவதும் இந்தத் தொழிலில் செய்யக்கூடாத முதல் பாவம். அப்படிச் செய்த ஒருவனை இவனே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறான். இப்போது அக்காவுக்காகத் தானும் அதே பள்ளத்தில் காலை வைக்கிறோமோ என்று அவனுக்குப் பயமாகவே இருந்தது.

அவன் இரண்டு தாள்களையும் அவள் பக்கம் தள்ளினான். "நீயே பாரும்மா. இது மண்டையோட மேல்பக்கத்துத் துண்டு. இது கொஞ்சம் உள்ள தள்ளி எடுத்தது. ரெண்டாயிரத்து ஐநூறு வருஷம் வித்தியாசம். அளவுப் பிழைன்னு பாத்தாலும் முந்நூறு தள்ளலாம், நானூறு தள்ளலாம். ஒரே ஆளு ரெண்டு தடவ எப்படிச் சாக முடியும்?"

தராசு தாள்களைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள். "மேல இருக்கறது இளசா இருக்கு. உள்ள போகப் போக வயசு ஏறுது."

"அப்ப?"

"வெளியில இருந்து என்னமோ உள்ள இறங்கியிருக்கு." நிமிர்ந்தாள். "சரி சார். இது யார் எலும்பா இருந்தாலும் திரும்பச் செய்யணும்."

அந்த வார்த்தை கிடைத்த பிறகுதான் தம்பிக்கு மூச்சு வந்தது.

உயிரோடு இருக்கிற எல்லாவற்றின் உடம்பிலும் ஒரு வகைக் கார்பன் இருக்கிறது. செத்த நாளிலிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்து வயதைச் சொல்வார்கள். நாற்பதாயிரம் வருடமான எலும்பில் அது கிட்டத்தட்ட வற்றிப்போயிருக்கும். வற்றிய தொட்டியில் யாராவது ஒரு செம்பு புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டால், பார்க்கிறவனுக்குத் தொட்டி இப்போதுதான் வற்றத் தொடங்கியிருப்பதாகத் தோன்றும். தம்பி கணக்குப் போட்டான். நாற்பதாயிரம் வருடத்து எலும்பை இருபத்தொன்பதாயிரம் என்று காட்ட, நூற்றில் இரண்டு பங்கு புதிய அழுக்கு போதும். இரண்டே பங்கு.

ஆனால் எந்த அழுக்கு? அதைத் தெரிந்துகொள்ளாமல் கழுவ முடியாது. எங்கே இறங்கியது என்று தெரியாமல் வேறு இடத்தில் வெட்டவும் முடியாது. மண்டை ஓடு அருங்காட்சியகத்துப் பெட்டகத்தில் இருந்தது. சாவி முப்பதாயிரத்தின் கையில். எழுத்தில் காரணம் கொடுத்தால் இன்னும் ஒரே ஒரு முறை வெட்டலாம் என்பது விதி. ஒரே ஒரு முறை.

வியாழக்கிழமை காலை அவன் அக்கா வீட்டுக்குப் போனான். முன்னறைச் சுவரில் இருபது வருடமாகக் கடற்கரை வரைபடம் ஒன்று தொங்கும். அக்கா சிவப்பு நூலால் அதில் ஆதி மனிதர்கள் வந்த வழியைக் கட்டி வைத்திருந்தாள். அன்று வரைபடம் இல்லை. அது இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாகத் தெரிந்தது. மேஜைமேல் கமிட்டிக்கு அவள் எழுதிய கடிதம் கிடந்தது. 'முடிவை ஏற்றுக்கொள்கிறேன்' என்று தொடங்கியிருந்தது. அவன் அதைக் கவிழ்த்து வைத்தான்.

"அக்கா, எலும்புல ஏதாவது தடவினீங்களா? கெட்டிப்படுத்த, ஒட்ட, எதுக்காவது?"

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெறும் கையால் எலும்பைத் தொட்டதற்காகவே ஆளைக் குகைக்கு வெளியே நிறுத்தியவள் அவள். "யாரைப் பாத்து என்ன கேக்குற?"

"உன்னைச் சொல்லல. ஆளுங்க யாராவது..."

அவள் உள்ளே போய் ஆறு வருடத்துக்கு முந்தைய களப் பதிவேட்டை எடுத்துவந்து அவன் முன்னால் பொத்தென்று போட்டாள். மழை பெய்தது, தூரிகை முறிந்தது, யாரோ தும்மியது எல்லாம் நேரத்தோடு எழுதியிருந்தது. பூசியதாக ஒரு வரி இல்லை.

"இதுல இல்லன்னா நடக்கல. போதுமா? இங்க பாரு, அக்காவுக்காகத் தம்பி திரும்பத் திரும்ப அளக்குறான்னு முப்பதாயிரம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். என் மூக்கு உடைஞ்சாச்சு. உன் மூக்கும் எதுக்கு?"

"ரெண்டு துண்டும் ஒத்துப்போகலையேக்கா."

"விட்டுடுன்னு சொல்றேன்ல?" குரல் உயரவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தம்பி பின்பக்கமாக இறங்கிப் பட்டறைக்குப் போனான். அக்காவின் கணவர், அவனுடைய அத்தான், மரவேலைக்காரர். நாற்காலியும் அலமாரியும் செய்வது பிழைப்பு. அதோடு முப்பது வருடமாக அக்கா தோண்டி எடுக்கிற ஒவ்வொன்றுக்கும் அச்சாகப் பொருந்துகிற மாதிரிப் பெட்டி செய்து கொடுப்பதும் அவர்தான். வாயைத் திறந்தால் கேலி. அக்காவை எதிர்த்து மட்டும் அந்த வாய் திறந்ததில்லை.

அன்று அவர் கேலி பண்ணவில்லை. இழைப்புளியைப் பிடித்த கை ஒரே இடத்தில் போய்ப்போய் வந்துகொண்டிருந்தது. பலகை பள்ளமாகிவிட்டது.

"வா மாப்ள. என்ன சொல்றா உங்கக்கா?"

"விட்டுடச் சொல்றா. ஆனா அத்தான், அந்த மண்டை ஓட்டுல வெளியில இருந்து ஏதோ இறங்கியிருக்கு. அதான் வயசைக் குறைச்சுக் காட்டுது. என்னன்னு தெரிஞ்சா போதும்..."

இழைப்புளி நின்றது. அத்தான் அதை எடுத்து மேடைமேல் வைத்தார். அது சாய்ந்து விழுந்ததைக் கவனிக்கவில்லை.

"ரொம்பக் கொஞ்சமா இருந்தாக்கூடவா?"

"நூத்துல ரெண்டு பங்கு போதும்."

அவர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் மாப்ள."

"என்னது?"

"வஜ்ஜிரம்."

வஜ்ஜிரம் என்பது மரத்தை ஒட்டக் காய்ச்சுகிற பசை. மாட்டுத் தோலையும் எலும்பையும் மணிக்கணக்கில் வேகவைத்து எடுப்பது. வயது பார்ப்பதற்காக அவனுடைய ஆய்வுக்கூடம் எலும்பிலிருந்து பிரித்தெடுப்பதும் அதே சத்தைத்தான். பெயின்ட், பிளாஸ்டிக் என்று வேறு எதைப் பூசியிருந்தாலும் அவனுடைய கருவிகள் காட்டிக் கொடுத்திருக்கும். எலும்போடு எலும்புச் சத்து கலந்தால் எந்தக் கருவி கண்டுபிடிக்கும்?

"பெட்டியில ஏத்துற அன்னிக்கு," என்றார் அத்தான். "உங்கக்கா வண்டி ஏன் வரலன்னு பாக்கக் கீழ போயிருந்தா. நானும் அதுவும் மட்டும்தான். வெயில் பட்டதும் என் கண்ணு முன்னாலயே விரிசல் விட ஆரம்பிச்சுது மாப்ள. உச்சியில இருந்து செதில் செதிலா எழும்புது. அவ திரும்பி வர்றதுக்குள்ள தூளாப் போயிரும். எனக்கு வேற என்ன தெரியும்? மேஜையில மேல்தகடு எழும்பினா என்ன பண்ணுவேனோ அதப் பண்ணினேன். தண்ணியா கரைச்சு, நுனித் தூரிகையால விரிசல்ல மட்டும் விட்டேன். கடையில விக்கிற ரசாயனத்தையா தொட்டேன்? எலும்புக்கு எலும்புப் பசைதானே நல்லதுன்னு நினைச்சேன்."

"அக்காகிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்னையும் குகைக்கு வெளியில நிறுத்தியிருப்பா."

தம்பி சாய்ந்து கிடந்த இழைப்புளியை நிமிர்த்தி வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "எண்ணு வந்தப்ப உங்களுக்குச் சந்தேகம் வரலையா?"

அத்தான் தரையைப் பார்த்தார். "திங்கக்கிழமை அவ போனை வச்சுட்டுத் திரும்பினப்பவே பசைதான் ஞாபகம் வந்துச்சு. பசைக்கும் வயசுக்கும் என்ன சம்பந்தம்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். சொல்லிடலாம் சொல்லிடலாம்னு மூணு நாள் ஓடிப்போச்சு. மாப்ள, அவளுக்குத் தெரியாம ஏதாவது பண்ண முடியாதா? உன் கால்ல வேணா விழறேன்."

"முடியாது அத்தான். யார், எப்ப, என்ன, எங்கன்னு எழுத்துல கொடுத்தாத்தான் வெட்ட விடுவாங்க. நாளைக்கே கொடுக்கணும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

அவர் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து படியேறிப் போனார். தம்பி பட்டறையிலேயே நின்றான். மேலே பாத்திரம் உடையும், கதவு அறையும் என்று காத்திருந்தான். ஒரு சத்தமும் இல்லை. கால் மணி நேரம் கழித்து இருவருமாக இறங்கி வந்தார்கள். அக்காவின் கையில் அந்த மண்டை ஓட்டின் சுண்ணாம்பு நகல் ஒன்றும் சிவப்புப் பென்சிலும் இருந்தன.

"எங்கெங்கன்னு குறிங்க," என்றாள்.

அத்தான் நகலை மடியில் வைத்துக் குறித்தார். முப்பது வருடம் மரத்தின் ரேகையைப் படித்த கை அது. ஒவ்வொரு விரிசலும் அவருக்கு நினைவிருந்தது. உச்சியில் நாலு இழுப்பு. நெற்றிப் பக்கம் இரண்டு. பின்னந்தலையில் ஒரு சொட்டு.

"எவ்வளவு தண்ணி கலந்தீங்க?"

"ஒண்ணுக்கு எட்டு."

"சூடாவா?"

"கை பொறுக்கற சூடு."

"காதுப் பக்கம்?"

"தொடல. அங்க எலும்பு கெட்டியா இருந்துச்சு. விரிசலே இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

அக்கா தம்பியைப் பார்த்தாள். காதுக்கு உட்புறம் இருக்கிறது உடம்பிலேயே கெட்டியான எலும்பு. அதன் நடுவிலிருந்து எடுத்தால் பசை எட்டியிருக்காது, இந்த மனிதருக்கு நினைவு தப்பாமல் இருந்தால். அவள் கேட்ட கடைசிக் கேள்வி மட்டும் வேறு மாதிரி இருந்தது.

"உங்களுக்கு எப்ப சந்தேகம் வந்துச்சு?"

தம்பி அத்தானைப் பார்த்தான். இப்போதுதான் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

"திங்கக்கிழமை," என்றார் அத்தான்.

அக்கா தலையை ஆட்டினாள். எல்லாவற்றையும் எழுதினாள். அவரிடம் கையெழுத்து வாங்கினாள். திட்டவில்லை.

மறுநாள் அருங்காட்சியகத்தில் முப்பதாயிரம் அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்தார். உயரமான, ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் நாலு பேனா. சிரிப்பார் என்று தம்பி எதிர்பார்த்தான். சிரிக்கவில்லை. அத்தானை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஆறு வருஷமா ஏன் சொல்லல?"

"சாருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார் அத்தான் பணிவாக.

முப்பதாயிரம் வந்த சிரிப்பை இருமி விழுங்கினார். "வெட்டலாம். ஆனா என் நிபந்தனை. இவர் சொன்ன இடம் உண்மைதானான்னு எனக்குத் தெரியாது. அளக்கப்போறது அந்தம்மாவோட தம்பி. அதனால எலும்புத்தூளை நான்தான் குழாயில போடுவேன். இன்னும் அஞ்சு எலும்பு, நான் எடுத்துக் கலந்து, ஆறு குழாயா தருவேன். மேல ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் மட்டும்தான் இருக்கும். எது எதுன்னு ஒரு உறையில எழுதி ஒட்டிடுவேன். கமிட்டியிலதான் பிரிப்பேன். என்ன வந்தாலும் அதோட முடிஞ்சுது. சம்மதமா?"

"சம்மதம்," என்றாள் அக்கா, தம்பி வாயைத் திறப்பதற்குள்.

சனிக்கிழமை வெட்டினார்கள். வெட்டிய இடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தபோது பசையின் மினுக்கம் தெரியவில்லை. தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது. சாதாரணமாக மூன்று வாரம் பிடிக்கிற வேலையைத் தராசும் தம்பியும் ஆறு நாளில் முடிக்க வேண்டியிருந்தது. எலும்புத்தூளை அமிலத்தில் ஊறவைத்து, கழுவி, வெந்நீரில் கரைத்து, வடிகட்டி, உறைய வைத்து உலர்த்தி, எரித்து, கரியாக்கி... ஆறு குழாய்க்கும் ஒரே கவனம். எது அக்காவுடையது என்று தெரியாததால் எல்லாவற்றையுமே அக்காவுடையது மாதிரி அவன் கையாண்டான். தராசு நாலாவது குழாயை மேடையில் வைக்கும்போது அவள் முழங்கை ஒரு புட்டியில் இடித்துவிட்டது. இருவரும் அரை நிமிடம் அசையாமல் நின்றார்கள். ஒன்றும் சிந்தவில்லை.

அத்தான் தினமும் போன் பண்ணினார்.

"எப்படி இருக்கு?"

"தெரியாது அத்தான். வீட்ல எப்படி?"

"சிரிச்சுப் பேசுறா. சாப்பாடு போடுறா. மழை வருமான்னு கேக்குறா. ஒரு வார்த்தை திட்ட மாட்டேங்குறா மாப்ள. எனக்கு அதுதான் பயமா இருக்கு. கோவத்தை எங்கயோ மூட்டை கட்டி வச்சிருக்கா."

"அவ கோவமே படலையோ என்னவோ."

"உங்கக்காவை எனக்குத் தெரியாதா? போதாததுக்கு இன்னொரு பயம். நான் ஒருவேளை காதுப் பக்கமும் தடவியிருந்தா? படுத்தா அதே நினைப்பு. தூரிகை எங்கெங்க போச்சுன்னு மனசுக்குள்ளேயே ஓட்டிப் பாத்துப் பாத்து, இப்ப எது நடந்தது, எது நான் நினைச்சதுன்னே தெரியல."

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு ஆறு எண்களும் வந்தன. தராசு அச்சடித்துக் கொடுத்தாள். ஒன்று: பன்னிரண்டாயிரம். இரண்டு: நாற்பத்துமூன்றாயிரத்து அறுநூறு. மூன்று: இருபத்தொன்பதாயிரத்து எண்ணூறு. நான்கு: அளக்க முடியாத பழசு. ஐந்து: நாற்பத்துநான்காயிரத்து இருநூறு. ஆறு: பதினெட்டாயிரம்.

தம்பியின் கண் மூன்றிலேயே ஒட்டிக்கொண்டது. இருபத்தொன்பதாயிரத்து எண்ணூறு. முதல் அளவுக்குக் கிட்டத்தட்ட அதே. அக்காவுடையது அதுவாக இருந்தால் பசை ஒரு சாக்கு, அவ்வளவுதான். அவள் முப்பது வருடம் சொன்னது தவறு. குகையும் போயிற்று. ஐந்தாக இருந்தால்? அப்படி நினைக்கவே அவனுக்குப் பயமாக இருந்தது. தராசு அவனைப் பார்த்து, "சுத்தமா செஞ்சோம் சார். அது மட்டும்தான் நம்ம கையில இருந்துச்சு," என்றாள்.

கமிட்டி அறையில் நீள மேஜை. ஒரு பக்கம் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர், மறு பக்கம் முப்பதாயிரம், எதிரே அக்கா. குவாரிக்காரர்களின் ஆள் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் கடைசி நாற்காலியில், விளிம்பில் உட்கார்ந்திருந்தார். தம்பி ஆறு எண்களையும் வாசித்தான். மூன்றாவதை வாசிக்கும்போது அக்காவின் கை மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மறுபடி வைத்தது. வேறு அசைவில்லை.

முப்பதாயிரம் உறையைக் காட்டினார். ஒட்டிய இடம் பிரிக்கப்படவில்லை என்று கமிட்டித் தலைவரிடம் நீட்டிச் சரிபார்க்கச் சொன்னார். பிறகு கிழித்தார். அந்தத் தாள் கிழிகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"ஒன்று, அருங்காட்சியகத்துக் குதிரைப் பல். இரண்டு, அதே குகையில் அதே அடுக்கில் கிடைத்த மான் எலும்பு." அவர் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார். முப்பதாயிரம் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "மூன்று, இருபத்திரண்டு வருடம் முன்னால் மலைக் கணவாயில் நான் எடுத்த எலும்பு. என்னுடையது."

மீதியை வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. தம்பிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் முப்பதாயிரம் ஒழுங்காக வாசித்தார். நான்கு, கார்பனே மிஞ்சாத கரடி எலும்பு, ஆய்வுக்கூடத்தைச் சோதிக்க. ஐந்து, மண்டை ஓடு, காதெலும்பு. ஆறு, நாய்த் தாடை. தாளை மடித்துத் தலைவர் முன்னால் வைத்தார்.

"நாற்பத்துநான்காயிரத்து இருநூறு," என்றார் அக்காவைப் பார்த்து. "கடற்கரை வழிதான். நான் முப்பது வருஷம் தப்பாச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். மண்டை ஓடு இருந்ததாலதான் இதுவாவது தெரிஞ்சுது. அந்தப் பசை இல்லன்னா பெட்டியில வெறும் தூள்தான் வந்திருக்கும். அதையும் பதிவு பண்ணுங்க."

குகையைத் தொட வேண்டாம் என்று கமிட்டி முடிவெடுக்கப் பத்து நிமிடம் ஆனது. குவாரி ஆள் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டு எழுந்து போனார். எல்லோரும் அக்காவின் கையைக் குலுக்கினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள், புன்னகைகூடச் செய்தாள். பிறகு அறையை விட்டு வெளியே நடந்தாள். அத்தான் தயங்கித் தயங்கிப் பின்னால் போனார். தம்பியும் போனான்.

தாழ்வாரத்தில் ஜன்னலோரம் அக்கா நின்றாள். திரும்பினாள்.

"மூணு நாள்!" என்றாள்.

தாழ்வாரமே அதிர்ந்தது.

"மூணு நாள்! நான் வரைபடத்தைக் கழட்டினேன், நீங்கதான் ஏணியைப் பிடிச்சுக்கிட்டீங்க! நூலைப் பிரிச்சேன், சுத்தி வச்சீங்க! தோத்துட்டேன்னு கடிதம் எழுதினேன், மூக்குக்கண்ணாடி எடுத்துக் கொடுத்தீங்க! ஆறு வருஷம் சொல்லலன்னா பயம்னு விடலாம். அந்த மூணு நாள் நான் உக்காந்து உக்காந்து செத்ததைப் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டே இருந்தீங்களே, மனுஷனா நீங்க? மரமா?"

அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"அக்கா," என்றான் தம்பி, "எட்டு நாளா ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"எப்படிச் சொல்றது?" அவள் அவன் பக்கம் சீறினாள். "எண்ணு வராம எப்படித் திட்டுறது? ஒருவேளை மூணாவது குழாய் என்னுதா இருந்திருந்தா? பசையால ஒண்ணும் ஆகலன்னு ஆயிருந்தா? தப்பு பண்ணாத மனுஷனைத் திட்டின மாதிரி ஆகாதா? ஆதாரம் கையில இல்லாம நான் எப்பவாவது வாயைத் திறந்திருக்கேனா?" மறுபடி கணவர் பக்கம் திரும்பினாள். "இப்ப இருக்கு ஆதாரம். நிமிந்து பாருங்க! இன்னும் முடிக்கல நான்!"

"முடிக்க வேணாம்," என்றார் அத்தான். குரல் உடைந்திருந்தது. "நீ பாட்டுக்குத் திட்டு."

கமிட்டி அறையின் கதவு திறந்தது. முப்பதாயிரம் தலையை நீட்டினார். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்ற நிலையையும் அத்தானின் நனைந்த முகத்தையும் பார்த்தார். வந்த சத்தம் தெரியாமல் பின்வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமையிலிருந்து மறுபடி தொடங்கினாள்.